வெளிநாட்டு மந்திரி வேலைக்கு என் வீட்டுக்காரர் வேண்டாம்

பழவேற்காடு ஏரிக்கரை,
ஐப்பசி, 1976.

ராயபுரத்தில் கால் வைத்தியத்துக்காகத் தங்கியிருக்கும் நம் குப்பத்துத் தலைவரும் என் கூடப்பிறந்தவருமான அருணகிரி அண்ணனுக்கு, தங்கை சம்பூர்ணம் கும்பிட்டு எழுதுவது. இங்கே நான், பிள்ளைகள், ஆடுகள் எல்லாரும் சௌக்கியம். அங்கே உங்கள் காலும் அண்ணியும் சௌக்கியமென்று நம்புகிறேன்.

நிற்க. இறால் பருவத்தில் எந்த நாள் நாம் வலை போடுவது, எந்த நாள் எதிர்க்கரை ஆந்திராக்காரர்கள் போடுவது என்று ஏரியில் பாடு பிரிக்கப் போகிறார்களே, அதைப் பேச நம் பக்கத்து ஆளாக உங்கள் மாப்பிள்ளையை, அதாவது என் வீட்டுக்காரரை, அனுப்பப் போகிறீர்களாம். வாலிபப் பசங்கள் அந்த வேலைக்கு வெளிநாட்டு மந்திரி என்று பேர் வைத்து, மாஜி தலைவரான அவர்தான் லாயக்கு என்று ஏற்றிவிட, அவரும் வேட்டிக்கு நீலம் போட்டுக்கினு ரெடி. அண்ணா, கூடவே கூடாது.

உள்ளூரில் அவர் நல்ல தலைவராகத்தான் இருந்தார், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வெற்றிலையைக் கண்டால் அவர் கை அவர் பேச்சைக் கேட்காது. தட்டிலிருந்து வெற்றிலையை எடுத்துவிட்டால் சம்மதம், அதோடு பேச்சு முடிந்தது என்பது இரண்டு கரைக்கும் வழக்கம். போன வருஷம் எதிர்க்கரைக்காரர்கள் பிடித்துவைத்த நம் வலையைக் கேட்கப் போனார். அவர்கள் தலைவர் கோபால், "ரா நைனா" என்று தெலுங்கில் வரவேற்றுத் தட்டை நீட்டினார். இவர் உட்காருவதற்கு முன்பே எடுத்து மென்றுவிட்டார், வலை அங்கேயே தங்கிவிட்டது. அதற்கு முன்னால் என் மகன் சேகருக்குப் பெண் பார்க்க ஆரணிக்குப் போன இடத்தில், பெண் உள்ளேயிருந்து வருவதற்குள் தட்டைக் காலி பண்ணிவிட்டார். மருமகள் செல்லியம்மாள் தங்கமாக அமைந்தது நம் அதிர்ஷ்டம், இவர் சாமர்த்தியமில்லை. "இன்னாய்யா, கேக்கறதுக்கு முன்னாடியே வாயில போட்டுக்கினியே" என்று கேட்டால், "மருவாதியா நீட்றான், வேணாம்னா பேஜாராப் பூடும் சம்பூர்ணம்" என்கிறார்.

இந்தத் தடவை பாடு கைவிட்டுப் போனால் கார்த்திகை முழுக்க நம் குப்பத்தில் அடுப்பு எரியாது. சேகர் வலையை மடித்துவைத்துவிட்டு, கும்மிடிப்பூண்டியில் புதுசாக வருகிற கம்பெனி கேட்டில் போய் நிற்க வேண்டியதுதான். நம் குப்பத்துப் பெரியவர் கலியனை அனுப்புங்கள். அவருக்கு ஒரு பல்கூட இல்லை. வெற்றிலையை இடித்துக் கொடுக்கும் பொறுமை எதிர்க்கரைக்காரர்களுக்குக் கிடையாது. நான் சொன்னதாகச் சொன்னாலும் சரி, பயமில்லை.

அண்ணிக்கு என் அன்பு, சின்னதுகளுக்கு முத்தம். கங்கையம்மன் உங்கள் காலைச் சீக்கிரம் தரையில் ஊன்றவைக்கட்டும்.

இப்படிக்கு,
சொன்ன சொல்லை மாற்றாத தங்கை,
சம்பூர்ணம்.

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது கோபால் அனுப்பிய ஆள் வந்தான். உங்கள் மாப்பிள்ளை வந்தால்தான் பேசுவார்களாம், வேறு யார் வந்தாலும் படகைத் திருப்பிவிடுவார்களாம். "எங்க ஊட்ல கை நனைச்ச ஒரே மனுசன் அவருதான்" என்கிறான். ஏன் கேட்கிறார்கள் என்று எனக்கா தெரியாது? இருந்தாலும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது அண்ணா. அவரையே அனுப்புங்கள். படகில் எனக்கும் ஒரு இடம் சொல்லிவிடுங்கள். ஒரு கட்டு வெற்றிலை வாங்கி ஊறப்போட்டுவிட்டேன். பேச்சு முடிகிற வரைக்கும் அவர் வாய் நம்ம வீட்டு வெற்றிலையாலேயே நிறைந்திருக்கும். பேச வேண்டியதை நான் பேசிக்கொள்கிறேன்.