காட்டை வெட்டி வைத்த வனத்தோட்டம்

ஒரு காட்டில், காடு போதவில்லை என்று ஒரு மயிலுக்குத் தோன்றிவிட்டது.

அது சும்மா மயில் இல்லை. மலையடிவாரத்துப் பங்களாத் தோட்டத்தில் கொஞ்ச காலம் இருந்து, கொட்டின தானியத்தைத் தின்று, பேசினதை எல்லாம் கேட்டுவிட்டு வந்த மயில். வந்ததும் வராததுமாகப் பாறைமேல் ஏறி எல்லாரையும் கூப்பிட்டது.

"நம்ம காட்டில் நாட்டுச்செடி வனத்தோட்டம் வைக்கப் போகிறோம். வெளிநாட்டுச் செடி ஒன்றுகூட இருக்கக்கூடாது. எல்லாம் நம்ம மண்ணுச் செடி. பட்டாம்பூச்சி வரும், தேனீ வரும்."

"இப்பவும் வருதுங்களே ஐயா?" என்றது காட்டுப்பன்றி.

"இப்போது வருவது தானா வருவது. இனிமேல் வருவது நாம் வரவழைத்து வருவது."

பன்றிக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாததால் பெரிய விஷயமாகத்தான் இருக்கும் என்று தலையை ஆட்டியது. தோண்டுகிற வேலையை அதன் தலையிலேயே கட்டினார்கள்.

ஓடைக்கரையில் நல்ல இடமாகப் பார்த்தார்கள். அங்கே நொச்சியும் ஆவாரையும் காரையும் அடர்ந்து கிடந்தன. தோட்டம் வைக்க இடம் வேண்டுமே! எல்லாவற்றையும் வெட்டித் தள்ளினார்கள். சுற்றிலும் வெள்ளைக் கல் பதித்தார்கள். பிறகு அங்கே நடுவதற்கு நொச்சியும் ஆவாரையும் காரையும் தேடிக் காடு பூராவும் கிளம்பினார்கள்.

அப்படித் தேடிக்கொண்டு வந்தவர்கள்தான் மூக்காயி வீட்டு வாசலில் நின்றார்கள்.

மூக்காயி ஒரு முயல். ஒரு பெரிய சூரைப்புதருக்கு அடியில் வளை. சூரைமுள் கொக்கி மாதிரி வளைந்திருக்கும். உள்ளே மூக்கை நீட்டின நரி, மூக்கில் பாதியை அங்கேயே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அந்தத் தைரியத்தில்தான் அவள் மூன்று குட்டி போட்டிருந்தாள். குட்டிகள் இன்னும் சரியாகக் கண் திறக்கவில்லை. மேயப் போன வீட்டுக்காரர் எந்தத் திசையில் மேய்கிறார் என்று கேட்டால், அது அவருக்கே தெரியாது.

நாலு பேர் எதிரே நின்றால் மூக்காயிக்குப் பேச்சு தொண்டையிலேயே உட்கார்ந்துகொள்ளும். மூக்கு மட்டும் துடிக்கும்.

"இது நாட்டுச்செடியா?" என்று மயில் கேட்டது.

தன்னையும் மதித்து ஒருவர் கேட்கிறாரே என்று அவளுக்குச் சந்தோஷம். "ஆமாங்க ஐயா. எங்க அம்மாவும் இதுக்கடியிலதான் எங்களைப் பெத்துச்சு" என்றாள்.

"அருமை! பன்றி, இதை வேரோடு தோண்டித் தோட்டத்துக்குக் கொண்டுவா."

மூக்காயி புதருக்குக் குறுக்கே வந்து நின்றாள். "ஐயா ஐயா, தப்பாச் சொல்லிட்டேன். இது எங்கிருந்தோ வந்த செடிங்க. எனக்கென்ன தெரியும்."

மயிலின் கொண்டை சிலிர்த்தது. "வெளிநாட்டுச் செடியா? பன்றி, தோண்டாதே. வெட்டிக் கொளுத்து."

இந்த மண்ணுச் செடி என்றால் பிடுங்குவார்கள், இல்லை என்றால் கொளுத்துவார்கள். இரண்டுக்கும் நடுவில் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்குமா என்று மூக்காயி தேடினாள். கிடைக்கவில்லை. அதற்குள் பன்றி கோரைப்பல்லைத் தீட்டிக்கொண்டு முன்னால் வந்தது. வந்த வேகத்தில், புதரோரம் கிடந்த கல்லில் கால் இடித்து, "யம்மாடீ!" என்று அலறியது.

அந்த நேரத்தில் மூக்காயி வாயிலிருந்து தானாக வந்து விழுந்தது:

"அண்ணே! மிதிக்காதீங்கண்ணே! அது சாமி!"

பன்றி தூக்கின காலைக் கீழே வைக்கவில்லை. "எந்தச் சாமி தங்கச்சி?"

"சூரை... சூரையம்மன்."

"துடியான சாமியா?"

"கால் எப்படி இருக்கு அண்ணே?"

"விண்ணு விண்ணுன்னு தெறிக்குது."

"அப்போ பாத்துக்கோங்க."

பன்றி தொபுக்கடீரென்று நெடுஞ்சாண்கிடையாக விழுந்தது. மயில் மட்டும் சிரித்தது. "மூடநம்பிக்கை! நான் படிச்ச மயில்" என்று தோகையை விரித்துக் காட்டியது. விரித்ததில் ஒரு இறகு கழன்று அந்தக் கல்மேல் விழுந்தது. ஆவணி மாதம் மயில் இறகு உதிர்வது வழக்கம்தான். ஆனாலும் மயில் சிரிப்பை நிறுத்திவிட்டது. மறுநாள் காலையில் முதல் ஆளாகக் குளித்துவிட்டு வந்து நின்றது மயில்தான்.

புதர் தப்பித்தது. குட்டிகளை நக்கிவிட்டுக்கொண்டே, பொய் சொன்னாலும் நல்ல பொய்யாகத்தான் சொன்னேன் என்று மூக்காயி நிம்மதியாக மூச்சுவிட்டாள்.

நீதிக்கதை என்றால் நரி வராமல் இருக்குமா? வந்தது. மூக்கில் பழைய சூரைக்கீறலோடு, நெற்றி நிறைய மஞ்சளோடு வந்தது. கல்லைக் கழுவி நிமிர்த்து வைத்தது. புதருக்குச் சிவப்புத் துணி சுற்றியது. வரிசைக்கு மூங்கில் கட்டியது. டோக்கன் கொடுத்தது. மான் கூட்டம் வந்தது, குரங்கு கூட்டம் வந்தது, அடுத்த மலையிலிருந்து கரடி குடும்பத்தோடு வந்தது. சிறப்பு தரிசனம் வேண்டும் என்று யானை ஒன்று கோபித்துக்கொண்டது.

ஒருநாள் மேய்ந்துவிட்டு வீடு திரும்பிய மூக்காயியை நரி மறித்தது.

"ஏம்மா, எங்கே போறே? டோக்கன் இருக்கா?"

"அண்ணே, இது என் வீடு."

"சந்நிதியை வீடுன்னு சொல்லாதே. கன்னத்துல போட்டுக்கோ."

கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "உள்ள குட்டிங்க இருக்கு அண்ணே. பால் குடுக்கணும்."

"பச்சை உடம்புக்காரியா? போச்சு! தீட்டு ஆயிடும். குட்டிகளைத் தூக்கிட்டு வெளியே வா. இந்தப் பக்கம் தலை காட்டாதே."

மூக்காயிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "இங்க சாமி இருக்குன்னு சொன்னதே நான்தான் அண்ணே!"

"அன்னைக்கு அம்மன் உன் வாயில வந்தா. இப்போ என் வாயில வர்றா. அவளுக்கு எங்க தோணுதோ அங்க வருவா. நீ யாரு கேக்க?"

வரிசையில் நின்றவர்கள் எல்லாம் "நகரும்மா, நேரமாவுது" என்றார்கள். மூக்காயி குனிந்து உள்ளே போனாள். ஒரு குட்டியைக் கழுத்தில் கவ்விக்கொண்டு வெளியே வந்தாள்.

வரிசையில் ஒரு சலசலப்பு.

"பாத்தியாடீ! வெறும் வாயோட உள்ள போனா, குட்டியோட வர்றா!" என்றது பிள்ளையில்லாத மான் ஒன்று.

மூக்காயி மறுபடி போனாள். இன்னொரு குட்டியோடு வந்தாள். கூட்டம் குலவை போட்டது. மூன்றாவது குட்டியோடு வந்தபோது மூங்கில் தட்டி சாய்ந்துவிட்டது. அன்றைக்கு ஆரம்பித்த கூட்டம் அதற்குப் பிறகு குறையவே இல்லை. வனத்தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியவர்கள், குழி தோண்ட வேண்டியவர்கள், மேற்பார்வை பார்க்க வேண்டிய மயில், எல்லாரும் வரிசையில்தான் நின்றார்கள்.

குட்டிகளைத் தூக்கிக்கொண்டு மூக்காயி போக்கிடம் தேடினாள். கடைசியில் ஓடைக்கரைக்கு வந்தாள். வரிசை வரிசையாக நட்ட நாட்டுச்செடிகள் வரிசை வரிசையாகவே காய்ந்து நின்றன. 'செடிகள் வளர்கின்றன, உள்ளே வராதீர்' என்று மயில் எழுதிவைத்த பலகையும் நின்றது. உள்ளே வரத்தான் யாரும் இல்லை. பலகைக்கு அடியில் வளை தோண்டினாள்.

ஐப்பசி மழை பிடித்தது. வெட்டிப் போட்ட நொச்சி, அடிவேரிலிருந்து துளிர்த்தது. காரை கிளைவிட்டது. ஆவாரை மஞ்சளாகப் பூத்தது. பறவை எச்சத்தில் வந்த சூரை விதை ஒன்று முளைத்துப் பலகையைப் பிடித்து ஏறியது. வெள்ளைக் கல் ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. குட்டிகள் கொழுகொழுவென்று புதருக்குப் புதர் தாவின.

மழைவிட்ட ஒருநாள், நரியோடு ஏதோ மனத்தாங்கல் ஆகி மயில் இந்தப் பக்கம் வந்தது. பார்த்து வாயைப் பிளந்தது.

"ஆகா! நான் வைத்த வனத்தோட்டம்! எப்படி வந்திருக்கிறது பார்! அம்மா முயலு, இதெல்லாம் நாட்டுச்செடிதானே?"

மூக்காயி குட்டிகளை வளைக்குள் தள்ளினாள். மூக்கு துடிக்கக் குனிந்து நின்றாள்.

"எனக்கு எதுவும் தெரியாதுங்க ஐயா. ஆனா அம்மன் கோயில்ல இன்னைக்கு விசேஷமாம். நீங்க இன்னும் வரலையேன்னு எல்லாரும் தேடுறாங்களாம்."

மயில் தோகையைச் சுருட்டிக்கொண்டு ஓடியது.

நீதி: நாட்டுச்செடி வளர்க்க நினைப்பவர்கள் முதலில் ஒரு சாமியைக் கிளப்பிவிட வேண்டும்; அதையும் செடிக்கு ரொம்பத் தள்ளி.