கறை அண்ணனும் பதினோரு முட்டைகளும்

அழுக்காக இருக்கவும் மனிதனுக்கு ஓர் உரிமை உண்டு. பனியன் கம்பெனிகள் சூழ்ந்த ராயபுரத்தில் எங்கள் காம்பவுண்டில் குடியிருந்த ஆறு குடும்பங்களிடமிருந்தும் அதைப் பறித்துக்கொண்டவர் பக்கத்து வீட்டுக் கறை அண்ணன்.

எக்ஸ்போர்ட் கம்பெனியில், தைத்து முடித்த பனியன்களில் எண்ணெய்க் கறை எடுப்பது அவர் வேலை. வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. ஒருமுறை நான் கல்யாணத்துக்குக் கிளம்பும்போது என் சட்டையில் கடுகளவு சாம்பாரைப் பார்த்துவிட்டார். "ஒரு நிமிசம் நில்லுங்க," என்றார். நின்று தொலைத்தேன். சாம்பார் போய்விட்டது, தட்டளவு ஈரம் வந்துவிட்டது. மணமக்களோடு எடுத்த போட்டோவில் நான் நெஞ்சில் கைவைத்து நிற்பதற்கு பக்தி காரணமல்ல.

இப்படிப்பட்டவர் கண்முன்னே என் மனைவி நாலு கோழியும் ஒரு சேவலும் வளர்த்தாள். முட்டையில் எச்சம் ஒட்டியிருக்கத்தானே செய்யும்? அண்ணனுக்குப் பொறுக்காது. நைட் ஷிப்ட் முடிந்து வந்து, நாங்கள் வேலைக்குப் போனதும் குழாயடியில் கழுவிப் பளபளவென்று அடுக்கிவிடுவார்.

"கழுவாதீங்கண்ணா," என்பாள் மனைவி. "முட்டை மேல இயற்கையா ஒரு பூச்சு இருக்குதுங்க. அது போச்சுன்னா சீக்கிரம் கெட்டுப்போயிரும். உடைக்கிறப்பக் கழுவிக்கலாமுங்க."

"கறையோட போனா சரக்கு வாங்கற பையரு ரிஜெக்ட் பண்ணிப்போடுவானுங்க, அம்மிணி."

"திங்கறது நாங்கதானுங்களே?"

"அப்ப நீங்கதானுங்க பையரு."

இந்த மனிதரிடம் என்ன பேசுவது? முட்டைகளை அரிசி டிரம்மில் ஒளித்து வைத்தோம்.

அந்தச் சமயத்தில் சேவலை நாய் கடித்துப் போட்டது. மனைவி கையில் வைத்துத் தீனி ஊட்டி வளர்த்த சேவல். அதன் வாரிசாக மிஞ்சியவை பதினோரு முட்டைகள். பெரிய கோழியை அடை வைத்து, காலண்டரில் நாள் எண்ணத் தொடங்கினாள்.

நாலாம் நாள் சாயங்காலம் வேலையிலிருந்து வந்தோம். வாசலிலேயே அண்ணன் நின்றார்.

"கோழி தீனிக்கு எறங்குச்சுங்க, அம்மிணி. அந்தக் கேப்புல பதினொண்ணையும் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரமில்லாமத் தொடச்சு வெச்சுப்போட்டேனுங்க."

இருபத்தோரு நாள் ஆயிற்று. ஒரு குஞ்சும் வரவில்லை, நாற்றம்தான் வந்தது. மனைவி அழுதுகொண்டே முட்டைகளைக் குழிதோண்டிப் புதைத்தாள். கோழி மட்டும் வெறும் கூடையை விட்டு எழ மாட்டேன் என்றது. "உங்க கையக் கொஞ்சம் கட்டித்தான் வெச்சுக்குங்களேன்," என்று நானும் கத்திவிட்டேன். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு தன் வீட்டுக்குள் போனார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே எங்கோ போனவர், மத்தியானம் ஒரு கூடையோடு வந்து நின்றார். உள்ளே பனியன் வேஸ்ட் துணியில் ஒவ்வொன்றாகச் சுற்றிய பன்னிரண்டு முட்டைகள். மனைவி ஒன்றைப் பிரித்தாள். எச்சம், மண், ஒரு சிறகு, எல்லாம் அப்படியே ஒட்டியிருந்தன.

"கொமரலிங்கத்துல அக்கா ஊட்டுக் கோழிங்க. சேவல் இருக்குதுங்க," என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. "நான் தொடலீங்க, அம்மிணி. சுத்திக் குடுத்ததே அக்காதானுங்க."

மனைவி கோழியைத் தூக்கி, முட்டைகளை அடியில் வைத்தாள். நான் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பஸ் மாறி, பன்னிரண்டு கறைகளை மடியில் வைத்துக்கொண்டு, கையைக் கட்டி உட்கார்ந்து வந்திருக்கிறார். அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும் என்பது அன்றுதான் எனக்கே தெரிந்தது.