மூளைப் பூட்டு

மருந்துக்கடை மாடியில் ஒருவர் கம்ப்யூட்டர் விளையாட்டு வைத்துக் குழந்தைகளின் மூளைப் பூட்டைத் திறக்கிறாராம்! ஒரு மாதமாக ஊரெல்லாம் இதே பேச்சு. பெற்றவர்கள் தெருவரை வரிசையில் நின்றார்கள். எல்லாரும் படித்தவர்கள். அதனால் வரிசை மட்டும் ஒழுங்காக இருந்தது.

தையற்காரியும் தன் ஒன்பது வயது மகளோடு நின்றாள். பிள்ளைக்குக் கணக்கு ஏறவில்லை. வீட்டில் எந்நேரமும் பாலம் கட்டும் விளையாட்டுதான். இடிந்து விழும், மறுபடி கட்டுவாள். பெற்ற வயிறு எரியாதா?

மூளை வாத்தியார் திரையில் பறந்த பலூன்களை மவுஸால் உடைக்கச் சொன்னார். நூற்றுக்கு மதிப்பெண் முப்பத்தொன்று.

"பூட்டு துருப்பிடிச்சிருக்கும்மா. அந்தப் பால விளையாட்டு விஷம். ஸ்கூலை நிறுத்திட்டு ரெண்டு வருஷம் இங்க விடுங்க."

அவளுக்குக் கண் கலங்கியது. ஊர்ப் பேச்சைக் கேட்டு, பள்ளியை நிறுத்தும் கடிதத்தைக்கூட முன்பே எழுதிப் பையில் வைத்திருந்தாள். சேர்க்கைக் கட்டணத்தையும் கட்டினாள். ஆனாலும் தொழில் புத்தி போகுமா? ஒரு தடவை மட்டும் அளந்துவிட்டு அவள் துணியில் கத்தரி வைத்ததே இல்லை.

"இன்னொரு தடவை அளங்க சார்."

அதே பிள்ளை, அதே பலூன். இப்போது தொண்ணூற்றெட்டு! கூட்டம் கைதட்டியது.

"பத்து நிமிஷத்துல அளவு இவ்வளவு மாறினா நான் உடம்பைச் சந்தேகப்பட மாட்டேன் சார், டேப்பைத்தான் சந்தேகப்படுவேன்" என்றாள் அவள்.

மகள் முந்தானையை இழுத்தாள். "அம்மா, பாலத்தை எது தாங்குதுன்னு தெரியலன்னா ஒரு கட்டையை உருவிப் பாப்பேன். இந்த மவுஸை உருவட்டுமா?"

வாத்தியார் "ஐயோ, தொடாதே!" என்பதற்குள் உருவிவிட்டாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். திரையில் அடுத்த ஆட்டம் தானாக ஓடியது. பலூன்கள் ஒன்றுகூட உடையாமல் பறந்து போயின. மதிப்பெண் மறுபடியும் தொண்ணூற்றெட்டு.

வாத்தியாருக்கு வியர்த்துவிட்டது. "அது... மூளையே நேரா பேசுது!"

"மவுஸே இல்லாம தொண்ணூத்தெட்டா! என்ன சக்திய்யா!" என்று பின்னாலிருந்த ஒரு தகப்பன் கையெடுத்துக் கும்பிட்டான்.

தையற்காரி கட்டணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். கடிதத்தை நாலாய்க் கிழித்து வாத்தியார் மேசையிலேயே போட்டாள். மகளைக் கூட்டிக்கொண்டு இறங்கும்போது அந்தத் தகப்பனிடம் நின்றாள்.

"அண்ணே, பூட்டியிருக்கான்னு முதல்ல கதவைத் தள்ளிப் பாருங்க. சாவிக்காரனை அப்புறம் தேடலாம்."