பழம்பொரிக்கு மனக்கலக்கம்

தம்பானூர் லாட்ஜ் ஒன்றின் வாசலில், கொளுத்தும் வெயிலில், பிள்ளைகளோடு பெரிய வரிசை. ஒவ்வொரு மணிக்கட்டிலும் கயிற்றில் கோத்த ஒரு கல், 'மனமணி'. பிள்ளைக்குக் கலக்கம் வந்தால் அது சிவக்குமாம். உள்ளே ஸ்ரீகுமார ஆசார்யர் தொட்டால் பச்சையாகுமாம். ஆசார்யர் போன வருடம் வரை மிக்சி விற்றவர். அரைக்கத் தெரிந்தவருக்கு மனதா பெரிது!

வரிசையில் கோலப்பனும் நின்றார். ஆரியசாலையில் மின்சாதனக் கடை. பி.எஸ்சி. பௌதிகம். மூடநம்பிக்கையை ஒழிக்கச் சொல்லித் தினமும் ஊருக்கே வாட்ஸ்அப் அனுப்புகிறவர். "இது சயன்ஸாக்கும்," என்று மனைவி ஸ்வப்னாவிடம் சாதித்துத்தான் கூட்டி வந்திருந்தார். மகள் லிபி வகுப்பில் மூன்று முறை அலறிப் புரண்டுவிட்டாள். இன்னொரு முறை என்றால் வேறு பள்ளி பார்க்கச் சொல்லிவிட்டார்கள்.

லிபியின் மணி செக்கச்செவேல். குளுகுளு ஏசி அறைக்குள் போனார்கள். ஆசார்யர் அவள் நெற்றியைத் தொட்டு நீளமாக மந்திரம் சொன்னார். மணி பச்சையாயிற்று. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. கோலப்பனும் போட்டுக்கொண்டார், பௌதிக முறைப்படி.

"அப்பா, வயித்துக்குள்ள என்னமோ முறுக்குது," என்றாள் லிபி. முகம் வெளுத்திருந்தது.

"சும்மா இரி மக்களே. மணி பச்சையாக்கும். உனக்கு ஒண்ணுமில்ல."

"மோள் சாந்தமாயி," என்றார் ஆசார்யர்.

ஸ்வப்னா மணியைக் கழற்றினாள். ஆசார்யருக்கு வந்த தட்டில் ஆவி பறக்கும் நேந்திரம்பழ பஜ்ஜி, அதாவது பழம்பொரி. அதன்மேல் வைத்தாள். மணி குப்பென்று சிவந்தது.

"ஐயோ பாவம், பழம்பொரிக்கு என்ன மனக்கலக்கம்! மந்திரம் சொல்லுங்கோ."

ஏசிக்கு நேரே பிடித்தாள். பச்சை. அறை சிரித்தது. ஆசார்யர் தியானத்துக்காகப் பின்வாசல் வழியே போனார்.

"எனக்கு அப்பமே தெரியும்! வெப்பம் பட்டா நிறம் மாறுத பெயிண்டு..." என்று கோலப்பன் தொடங்கினார்.

"நிறுத்துங்கோ. பிள்ளையைப் பாருங்கோ."

லிபியின் கைகள் இறுகிக்கொண்டிருந்தன. அவர் குனிந்தார். "எங்க செய்யுது மக்களே?"

"முதல்ல வயிறு. பொறவு காது அடைக்கும். அதுக்குப் பொறவுதான் கத்துவேன்."

"எப்பவுமா?"

"எப்பவும். யாரும் கேக்கல்ல."

"இப்ப அப்பா என்ன செய்யணும்?"

"கொஞ்ச நேரம் பேசாம இருக்கணும்."

கோலப்பனுக்கு அது பட்டப்படிப்பைவிடக் கடினமாக இருந்தது. இருந்தார். லிபி கண்ணை மூடி மெல்ல மூச்சு விட்டாள். விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. அலறல் வரவேயில்லை.

கல்லுக்குக் காய்ச்சல் பார்க்கும் பெற்றோரே, பிள்ளைக்கு வாய் இருக்கிறது. ஒருநாள் உங்கள் வாயை மூடிவிட்டுக் கேட்டுப் பாருங்கள்.