பசுவுக்கென்று எடுத்த மயக்க ஊசி

வேலைக்கு வந்தபின் நான் மயக்க மருந்து கொடுத்த முதல் பிராணி நான்தான்.

மிருக வைத்தியராக ஒட்டுசுட்டானுக்கு வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. செல்வராணி அக்காவின் பசுவுக்கு முட்கம்பி கிழித்துப் பின்தொடையில் பெரிய காயம். தைக்க வேண்டும். பசுவின் கழுத்தைத் தடவியபடி அக்கா கேட்டார்: “டொக்டர், இதுக்கு நோகுமோ?”

“நோகாது” என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். (புதிதாகப் படித்து வந்தவனுக்கு அது எப்படி முடியும்?) மருந்து ஏற்றிய ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டே பாடம் எடுத்தேன். இந்த மருந்து மூளையில் விழிப்பைத் தூண்டும் இரசாயனத்தைக் குறைத்துவிடும். கண் திறந்திருந்தாலும் சுற்றி நடப்பது எதுவும் மூளைக்கு எட்டாது என்றேன். “எதுவும்” என்ற இடத்தில் கையை வேறு வீசினேன். மிரண்ட பசு தலையால் என் கையை இடித்தது. ஊசி என் தொடையில் ஏறி, பாதி மருந்தும் உள்ளே போய்விட்டது.

“ஒண்டுமில்லை அக்கா,” என்றேன். சற்று நேரத்தில் வாய் காய்ந்தது. முழங்கால்கள் மடங்கின. வைக்கோலில் சரிந்தேன்.

அக்கா கூச்சல் போடவில்லை. மருந்துப் போத்தலை எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டு ஓட்டோவில் என்னை ஏற்றி, ஆஸ்பத்திரிவரை என் தலையைத் தோளில் தாங்கிக்கொண்டார்.

“டொக்டருக்கு என்ன நடந்தது?” என்று ஓட்டோக்காரர் கேட்டார்.

“நல்ல பிள்ளை. கதைதான் கொஞ்சம் கூட.”

கண் திறக்கவில்லை, நாக்கு எழவில்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. எதுவும் எட்டாது என்று நான் அடித்துச் சொன்ன மூளைக்குத்தான். பிறகு அக்கா என் காதருகே குனிந்தார். “பயப்பிடாதேங்கோ தம்பி, நான் பக்கத்திலதான் இருக்கிறன்.” அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் கிடந்தேன்.

போத்தலைப் பார்த்ததும் ஆஸ்பத்திரியில் என்ன செய்வதென்று தெரிந்துவிட்டது. அதைக் கொண்டுவந்தது பெரிய உதவி என்றார் வைத்தியர். தாதி என் எடையைக் கேட்டாராம். “முந்நூறு கிலோ, கண்டு போட்டு ரெண்டு மாசம்” என்று அரைமயக்கத்தில் பசுவின் கணக்கைச் சொன்னேனாம்.

மறுநாள் காலை விழித்தபோது அக்கா கட்டிலருகே கதிரையில் உட்கார்ந்திருந்தார். “மாட்டுக்கு வேற டொக்டர் தைச்சிட்டார், யோசியாதேங்கோ,” என்றார். எனக்குக் கண் கலங்கியது. (மருந்தின் விளைவு என்று சமாளித்தேன்.)

இன்றும் ஒரு மிருகத்துக்கு மயக்க ஊசி போட்டால், அதன் காதில் “பயப்பிடாதை, நான் பக்கத்திலதான் நிக்கிறன்” என்று சொன்ன பிறகே தைக்கத் தொடங்குவேன். என் மனைவி ஒருநாள் அதைப் பார்த்துவிட்டார். அதன்பின் வீட்டில் நான் போனும் கையுமாக இருந்தால் போதும், பிள்ளைகள் சிரிக்கத் தயாராகிவிடுவார்கள்.

“எனக்கும் ஒரு ஊசியைப் போடுங்கோ,” என்பார் மனைவி. “அப்பவாவது என்னோட கதைப்பியள்.”