அரைச் சாண் தகட்டில் ஒரு புரட்சி

நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு மனித குலம் செய்த அடுத்த உருப்படியான காரியம், இஸ்திரிப் பெட்டியை வைத்து வீட்டிலேயே சர்க்யூட் போர்டு செய்ததுதான். தலைவருக்கு இதில் இம்மியும் சந்தேகமில்லை.

தலைவர் என்றால், 'இல்லத்து மின்னணு சுயசார்பு இயக்க'த்தின் தலைவர். மனைவியின் தம்பியான மச்சான்தான் செயலாளர். மூன்றாவது உறுப்பினர் கிடையாது. வாஷிங் மெஷினின் போர்டு கருகிய அன்று இயக்கம் பிறந்தது. "புதுசு மாத்திடலாம் சார்" என்ற மெக்கானிக்கைத் தலைவர் இரக்கத்தோடு வாசல்வரை வழியனுப்பினார்.

"ஏங்க, அந்த ஆளையே கூப்பிடுங்க. குனிஞ்சு துவைச்சு இடுப்பு போச்சு," என்றாள் மனைவி.

"வாங்கறதுக்கு எவனால வேணா முடியும். செய்யணும்! கொஞ்சம் பொறு."

அவள் வாரக்கணக்கில் பொறுத்தாள்.

வழவழப்பான தாளில் லேசர் பிரிண்டரால் சர்க்யூட் படத்தை அச்சடித்து, அதைச் செம்புத் தகட்டின்மேல் கவிழ்த்து இஸ்திரி போட்டால் மை தகட்டுக்கு மாறிவிடும். பிறகு அமிலத்தில் முக்கினால், மை மூடாத செம்பு கரைந்துபோகும். கவிழ்த்தால் இடம் வலமாகும் என்பதால், படத்தை முன்பே திருப்பிவிட வேண்டும். தலைவர் திருப்பினார். பொறுப்புமிக்க செயலாளரும், யாரையும் தொந்தரவு செய்யாமல், இன்னொரு முறை திருப்பினார்.

போர்டு இடவலம் மாறிப் பிறந்தது. சமையலறையில் அவசரக் கூட்டம் கூடியது.

"அத்தான், இதைப் போய் தப்புன்னு சொல்லலாமா? சிப்போட காலைப் பின்னால மடிச்சு, போர்டையே திருப்பி மாட்டிட்டா முடிஞ்சுது!"

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. மெஷினின் விளக்கும் எரிந்தது. பட்டன்கள் மட்டும் மெஷினுக்குள்ளே பார்த்துக்கொண்டு நின்றன.

"இதை எப்படிடா அழுத்தறது?" என்றாள் அக்கா.

"பின்மூடியைக் கழட்டி, கையை உள்ள விட்டுத் தடவினா கிடைச்சிரும்க்கா."

"பாதுகாப்பு அம்சம்," என்றார் தலைவர். "குழந்தைங்க கை படாது."

"இந்த வீட்ல குழந்தைங்கன்னா நீங்க ரெண்டு பேருதான்."

'அற்ப விமர்சனம்' என்று அதை ஒதுக்கிவிட்டு, இயக்கம் போர்டோடு போட்டோ எடுத்துக்கொண்டது. அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து நின்றாள்.

"மெஷின் செத்து இத்தனை வாரமாச்சு. தினமும் வெளுத்த சட்டைதான் போட்டுட்டுப் போனீங்க. அது எப்படி வெளுத்துதுன்னு ஒருநாளாவது கேட்டீங்களா?"

தலைவர் ஆழ்ந்து யோசித்தார். பிறகு சுயசார்பின் தந்தை, அமிலக் கறை படிந்த தன் சட்டையைக் கழற்றி அவளிடம் நீட்டினார்.