மொட்டைக் கடிதத்துக்கு நான் எழுதிய பதில்

எங்கள் கோவில் ஐயருக்கு எதிராகப் பேராயருக்கு மொட்டைக் கடிதம் எழுதியவன் நான்தான். இடது கையால் எழுதினேன். அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. பி.ஏ. படித்தவன், மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார், சபைக் கமிட்டிக்குச் செயலாளர் வேறு. "அதெல்லாம் அந்தக் காலம், விடுங்கப்பா" என்கிறார்கள் என் பிள்ளைகள். அந்தக் காலம் எழுதவில்லை. நான் எழுதினேன். அந்தக் காலத்துக்குக் கையும் கிடையாது, பேனாவும் கிடையாது.

(ஐயர் என்றதும் வேறு யாரையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். குருவானவரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். அவர் மனைவி ஐயரம்மா.)

புதுக்கோட்டையிலிருந்து கறம்பக்குடி போகிற வழியில் எங்கள் ஊர். ஆங்கிலேய மிஷனாரிகள் கட்டிய கோவில். சுதந்திரம் வந்த கையோடு பல மிஷன்களும் சேர்ந்து ஒரே திருச்சபை ஆகிவிட்டன. ஆனால் என் பெரியப்பாவைப் பொறுத்தவரை அது ஆங்கிலிக்கன் கோவில்தான். வெள்ளைக்காரன் போனாலும் அவன் வைத்த ஒழுங்கு போகக்கூடாது என்பது அவர் கட்சி. அந்த ஒழுங்கில் எங்கள் வகையறாவுக்கு முன்னால் நான்கு பெஞ்சு, கோவிலில் இருந்த மொத்தப் பெஞ்சும் அவைதான். கீழத்தெருக்காரர்களுக்குப் பின்னால் பாய். நாங்கள் கிறிஸ்தவ வேதத்துக்கு மாறி மூன்று தலைமுறை ஆகியிருந்தது. சாதியை விடுவதற்கு மட்டும் எந்தத் தலைமுறையிலும் எங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை.

இந்தக் கோவிலுக்குத்தான் ஞானாபரணம் ஐயர் வந்து சேர்ந்தார். குள்ளமான மனிதர், குரல் மட்டும் ஆறடி. கோவிலுக்கு எதிரேதான் பஸ் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை அங்கியை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைப் பார்த்து, "ஏங்க வெயில்ல காயிறீங்க? உள்ள வாங்க. பஸ்ஸு வந்தா நானே சொல்றேன்" என்று கூப்பிடுவார். அவர்களும் வருவார்கள், கூடையோடும் கோழியோடும். ஒருமுறை பிரசங்கத்தின் நடுவில், "கறம்பக்குடி போறவங்க எந்திரிங்க, வண்டி வந்துருச்சு" என்று அறிவித்துவிட்டு, விட்ட வாக்கியத்தைத் தொடர்ந்தார். பெரியப்பா மயக்கம் போடாதது ஆச்சரியம்.

அதோடு விட்டாரா? பாய்களைச் சுருட்டித் தம் வீட்டு அடுக்களைக்குக் கொடுத்துவிட்டார். கீழத்தெருவில் பதினோரு குடும்பங்கள் அப்போது ஞானஸ்நானத்துக்குப் படித்துக்கொண்டிருந்தன. ஈஸ்டர் கழிந்து ஏழாவது வாரம் வரும் பெந்தெகொஸ்தே பண்டிகை ஞாயிறன்று கொடுப்பதாக ஏற்பாடு. அவர்களை, "எங்க எடம் இருக்கோ அங்க உக்காருங்க" என்றார். அவர்களின் முன்னோடி பொன்னன், கிணறு வெட்டுகிறவர். இடம் எனக்குப் பக்கத்தில் இருந்தது. உட்கார்ந்தார்.

பிறகு வந்தது சமாதானம். ஐக்கியத் திருச்சபையின் புதிய ஆராதனை முறையில் அது ஒரு சடங்கு. ஐயர் பீடத்திலிருந்து இறங்கி வந்து முதல் ஆளுக்குச் சமாதானம் கொடுப்பார். ஒருவர் குவித்து நீட்டுகிற கைகளை மற்றவர் தம் கைகளுக்குள் வாங்கிக்கொண்டு, அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். அப்படியே கடைசி பெஞ்சுவரை கைமாறிப் போகும். முதல் ஞாயிறு ஐயர் கொடுத்தது பொன்னனுக்கு. பொன்னன் என் பக்கம் திரும்பிக் கையைக் குவித்து நீட்டினார். கடப்பாரை பிடித்துக் காய்த்த கைகள்.

நான் குனிந்து பெஞ்சுக்கு அடியில் செருப்பைத் தேடினேன்.

செருப்பு வாசலில் கிடந்தது. கோவிலுக்குள் யாரும் செருப்பு போடுவதில்லை. இது பொன்னனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், மொத்தச் சபைக்கும் தெரியும். இருந்தாலும் பாட்டு ஆரம்பிக்கும்வரை தேடினேன். அன்றைக்குச் சமாதானம் என் முதுகுவரை வந்து நின்றுவிட்டது.

அன்று சாயங்காலம் பெரியப்பா வீட்டில் கூடினோம். "நீ படிச்சவன்டா. நாலு வரி போட்டு விடு" என்றார் பெரியப்பா. நான் நான்கு பக்கம் போட்டேன். கோவில் பஸ் நிலையம் ஆகிவிட்டது, கோழிகள் கீர்த்தனை பாடுகின்றன, ஆராதனையில் கையைப் பிடிப்பது ஒழுக்கக்கேடு, ஆகவே இந்த ஐயரை உடனே மாற்ற வேண்டும். ஒழுங்கைப் பற்றிய வசனம் ஒன்றையும் அதிகார எண்ணோடு பொருத்தினேன். கீழே, "மனம் நொந்த விசுவாசிகள்" என்று கையெழுத்து. நொந்தது ஒரு மனம்தான் என்றாலும் பன்மை கம்பீரமாக இருந்தது. உள்ளூர்த் தபால் முத்திரை காட்டிக்கொடுத்துவிடும் என்று புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறிப்போய்ப் பெட்டியில் போட்டேன். (துப்பறியும் கதைகள் நிறையப் படிப்பேன்.)

இரண்டு வாரத்தில் ஐயர் ஆள் அனுப்பினார். போனேன். மேஜையில் என் கடிதம் கிடந்தது. பேராயர் அதை ஐயருக்கே அனுப்பி விளக்கம் கேட்டிருந்தார்.

"வாங்க தம்பி, உக்காருங்க. எவனோ ஒரு புண்ணியவான் எழுதியிருக்கான். எனக்குக் கோவம் வந்தா எழுத்து வராது. நீங்க பி.ஏ. படிச்சவரு. நீங்கதான் பதில் எழுதித் தரணும்."

ஐயரம்மா காபி கொண்டுவந்து வைத்தார். ஐயர் கடிதத்தை ஆறடிக் குரலில் வாசிக்க ஆரம்பித்தார். தான் எழுதியதை இன்னொருவர் வாசித்துக் கேட்பது எழுதுகிறவனுக்கு இன்பம் என்பார்கள். நான் டம்ளரில் ஆடை படிவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"'கோழிகள் கீர்த்தனை பாடுகின்றன.' நல்லா எழுதியிருக்கான்ல?"

"ம்" என்றேன்.

"என்ன நல்லா? சொந்தப் பேரு போடத் துப்பில்லாத பய" என்றார் ஐயரம்மா உள்ளிருந்து. "காபி ஆறுது, குடிங்க தம்பி."

பதிலை எழுத உட்கார்ந்தேன். சுமாராக எழுதிக் கொடுத்திருந்தால் ஐயர் மாட்டியிருப்பார், என் நோக்கம் நிறைவேறியிருக்கும். ஆனால் என் கர்வம் அதற்கு விடவில்லை. என் மனுவைவிட என் பதில் சப்பையாக இருப்பதா? வெளுத்து வாங்கினேன். வழிப்போக்கனுக்குக் கதவைத் திறக்காத கோவில் வெறும் பூட்டிய கட்டடம் என்றேன். மனுக்காரனைக் கோழை என்றேன், மிகச் சரியாக. ஓர் இடத்தில் மட்டும் பேனா நின்றது.

"கை குடுக்குறதப் பத்தி என்னங்க எழுதட்டும்?"

"மாத்திக்கிற உத்தேசம் இல்லைன்னு எழுதுங்க. வேலைய விட்டுத் தூக்குனாலும் குடுப்பேன்னு எழுதுங்க."

சமாதானத்தைப் பற்றிய ஒரு வசனத்தோடு முடித்தேன். ஐயர் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். "ஒங்க மேல எனக்கு நம்பிக்கை இருக்கு தம்பி" என்று வேறு சொன்னார்.

பெந்தெகொஸ்தேக்கு ஒரு மாதம் இருக்கும்போது பேராயரே வந்து இறங்கினார். வெள்ளைக்காரர். நாங்கள் வீட்டில் பேசுகிற தமிழைவிட அவர் தமிழ் சுத்தமாக இருக்கும். ஆராதனை முடிந்ததும் கோவிலுக்குள்ளேயே விசாரணை. சபையார் அத்தனை பேரும் இருந்தார்கள்.

"இந்த மனுவில் வேதாகமத்தின் ஒரு நிருபத்தில் பதின்மூன்றாம் அதிகாரம், முப்பத்து மூன்றாம் வசனம் காட்டப்பட்டிருக்கிறது" என்றார் பேராயர். "உமது பதிலிலும் அதே வசனம் காட்டப்பட்டிருக்கிறது, ஐயரே. அந்த அதிகாரத்தில் இருப்பதே பதின்மூன்று வசனங்கள். இல்லாத வசனம் இருவருக்கு எப்படிக் கிடைத்தது?"

அந்த வசனம் அடுத்த அதிகாரத்தில் இருக்கிறது. அதில் ஒழுங்கும் உண்டு, சமாதானமும் உண்டு. மனுவுக்கு முதலாவதை எடுத்துக்கொண்டேன், பதிலுக்கு இரண்டாவதை. எண்ணை இரண்டிலும் மனப்பாடமாகத் தப்பாகப் போட்டிருக்கிறேன்.

"உம்மைப் பற்றி நீரே மனு எழுதி, நீரே மறுமொழியும் எழுதி, உம்மை வீரனாகக் காட்டிக்கொள்ளப் பார்த்தீரா?"

ஐயர் இரண்டு காகிதங்களையும் வாங்கிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது அவர் கழுத்து சிவந்ததில் தெரிந்தது. ஆனால் என் பக்கம் திரும்பவில்லை. "பதிலுக்குக் கீழ என் கையெழுத்து இருக்குங்க. அதுல உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் நான் பொறுப்பு. கை குடுக்குறத நிறுத்த மாட்டேன். வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்லை" என்றார்.

அவர் திரும்பிப் பார்த்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். கடிதம் எழுதியது ஒரு குற்றம் என்றால் அந்த நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது அதைவிடப் பெரிய குற்றம்.

ஐயருக்கு மாற்றல் என்றார் பேராயர். புதியவர் வந்து எல்லாவற்றையும் ஆராயும்வரை ஞானஸ்நானம் ஒத்திவைப்பு என்றார். பெரியப்பா மீசையைத் தடவிக்கொண்டார்.

பொன்னன் எழுந்தார். "ஒத்தி வக்கிறதுன்னா எம்புட்டு நாளைக்குங்க?"

"அதை இப்போது சொல்ல இயலாது."

"பாதிக் கெணத்துல ஏறி வர்ற பழக்கம் எங்களுக்கு இல்லைங்க. ஏறிட்டா அது கெணறு இல்லை, குழி. நாங்க வருவோம். இந்தப் பெஞ்சுலதான் உக்காருவோம். ஐயரு மாறுனா மாறட்டும், நாங்க மாற மாட்டோம்."

பேராயர் போய்க் காரில் ஏறினார். கார் கிளம்பவில்லை. அது அவர் பதவியைவிட வயதான கார். "தள்ளுங்கய்யா" என்றார் டிரைவர். நானும் பொன்னனும் இன்னும் நான்கு பேரும் பின்னால் கை வைத்தோம். பெரியப்பா ஓரமாக நின்று, "இங்கிட்டு ஒடி, அங்கிட்டு ஒடி" என்று மேற்பார்வை பார்த்தார். ஐயரும் அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு தள்ள வந்துவிட்டார். தன்னைத் தண்டித்துவிட்டுப் போகிறவரின் காரை அந்த மனிதர் மூச்சிரைக்கத் தள்ளுவதைப் பார்த்ததும் என் வாய் தானாகத் திறந்தது.

"ஐயா! அந்தக் கடிதம் நான் எழுதினது!"

பேராயர் ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "என்ன? உரக்கச் சொல்லும்!"

அதே நொடியில் இஞ்சின் பிடித்துக்கொண்டது. நிறுத்தினால் மறுபடி அணைந்துவிடும் என்று டிரைவர் அழுத்தினார். நான் வேட்டியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினேன்.

"மொட்டைக் கடிதாசி! நான்தான்! பதிலும் நான்தான்! ரெண்டும் நான்தான்!"

கார் ஒரு குடம் கரும்புகையை என் முகத்தில் துப்பிவிட்டு வளைவில் மறைந்தது. பேராயர் காதில் ஒரு சொல்லும் விழவில்லை. திரும்பிப் பார்த்தேன். யாருக்கு விழக்கூடாதோ அவர்கள் அத்தனை பேருக்கும் விழுந்திருந்தது. சபை முழுக்க ரோட்டில் நின்றது. கறம்பக்குடி பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

முதலில் பேசியது பெரியப்பா. "அட மூதேவி! இப்பிடி ரோட்டுல கத்துறதுக்காடா ஒன்னய எழுதச் சொன்னேன்?"

அப்படிச் சொன்னதில் தன்னையும் சேர்த்துக் காட்டிக்கொடுத்துவிட்டது அவருக்கு உறைக்கச் சற்று நேரம் ஆயிற்று. உறைத்ததும் வேகமாக வீட்டுக்கு நடந்தார்.

ஐயர் மூச்சு வாங்கியபடி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அந்த வசனத்தையாச்சும் பாத்துப் போட்டிருக்கலாம்ல, தம்பி?" அவ்வளவுதான். ஐயரம்மாதான் அதன்பிறகு எனக்குக் காபி கொடுக்கவே இல்லை. அது நியாயம்.

அன்றே உட்கார்ந்து பேராயருக்கு மூன்றாவது கடிதம் எழுதினேன், வலது கையால், முழுப் பெயரும் போட்டு, வசனம் எதுவும் இல்லாமல். செயலாளர் வேலையையும் விட்டேன். அடுத்த ஞாயிறு பொன்னனுக்கு முன்னால் போய் இரண்டு கைகளையும் குவித்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "இப்ப வேணாம் வாத்தியாரே. மொதல்ல எங்காளுகளுக்கு ஞானஸ்நானம் ஆகட்டும். பொறவு பாப்போம்" என்றார். நீட்டிய கையை எடுத்துக்கொண்டு என் இடத்துக்கு வந்தேன். மன்னிப்புக் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

பேராயர் பதில் போட்டார். ஞானஸ்நானத்துக்கு இருந்த தடை நீங்கியது. ஐயரிடம் அவர் வருத்தமும் தெரிவித்திருந்தார். ஆனால் மாற்றல் மாற்றல்தான், அடுத்தவர் சாமான் கட்டிப் புறப்பட்டுவிட்டார். நான் செய்ததில் பாதியைத்தான் என்னால் திருப்பி எடுக்க முடிந்தது. பெந்தெகொஸ்தே அன்று பதினோரு குடும்பத்துக்கும் ஞானஸ்நானம் கொடுத்துவிட்டு, ஐயர் கோட்டைப்பட்டினம் பக்கம் போனார். அங்கே விசுவாசிகள் நான்கே வீடு. "நாலு வீடுன்னா என்ன? அங்கிட்டும் பஸ்ஸு நிக்கும்ல?" என்றார்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாராவது காலம் கடந்து உண்மையைச் சொன்னால், "தாத்தா மாதிரி வண்டி கெளம்புன பொறவு சொல்லாத" என்கிறார்கள். சிரிக்கட்டும். அது உண்மைதான்.

புதிய ஐயர் பயந்த சுபாவம். பெரியப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அடுத்த ஞாயிறு கோவிலின் பின்னால் புத்தம்புதுப் பாய்கள் விரித்திருந்தன. பதினோரு குடும்பங்களும் உள்ளே வந்தன. பாய்களைத் தாண்டி நடந்தன. எங்கள் வகையறா நிதானமாக வந்து சேர்வதற்குள் நான்கு பெஞ்சிலும் உட்கார்ந்துவிட்டன. பெரியப்பாவுக்கு மிஞ்சியது பாய்தான். அதில் உட்கார மனமில்லாமல் ஆராதனை முழுக்கத் தூணோடு தூணாக நின்றார். நான் பொன்னனுக்குப் பக்கத்தில் இருந்தேன். சமாதானம் வந்தது. பொன்னன் கையை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். எனக்கு அந்தப் பக்கம் இருந்தது தூண்தான். எழுந்து போய்ப் பெரியப்பாவிடம் நீட்டினேன்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் கையை எடுக்கவில்லை. பாட்டு ஆரம்பித்து, முடியும்வரை நீட்டிக்கொண்டே நின்றேன். அதன்பிறகு சாகும்வரை அவர் என்னோடு பேசவில்லை. ஐயரிடமும் பொன்னனிடமும் பலமுறை மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். பெரியப்பாவிடம் கேட்கவில்லை. அவர் மறுபடி எழுந்து வந்தாலும் கேட்கமாட்டேன்.